ஏழு படிகளும் எறங்குன எடமும்

பாப்பாரப்பட்டி வேறு, பாப்பிரெட்டிப்பட்டி வேறு. இரண்டும் ஒரே மாவட்டத்தில், தர்மபுரி நகரத்துக்கு இருவேறு பக்கங்களில் இருக்கின்றன. முதல் ஊரில் பெட்டியோடு இறங்கி நின்ற பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடைக்காரரிடம் முனிராஜ் வீட்டுக்கு வழி கேட்டேன்.

“எந்த முனிராஜுங்க?”

“கண்டக்டர் முனிராஜ். பாப்பிரெட்டிப்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் என்றார்.”

“அங்க சொல்லுவாங்க. இது பாப்பாரப்பட்டிங்க. போர்டை முழுசாப் படிக்கலீங்களா?”

நான் மலேசியாவின் ஈப்போ நகரில், பாடத்திட்ட அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவன். முழுதாகப் படிக்காமல் கையெழுத்திட்டவர்களின் கோப்புகளைத் திருப்பி அனுப்புவதுதான் அங்கே என் வேலை. அதை அவரிடம் சொல்லவில்லை.

“கவலப்படாதீங்க. மாசத்துக்கு ரெண்டு பேராச்சும் இப்டி வந்து எறங்குவாங்க. நம்ம கடையே அதுலதான் ஓடுது” என்று டீயை நீட்டினார். டீ நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். குவாண்டம் கணினிகளுக்கென்று ஒரு நிரல்மொழி இருக்கிறது. அதைக் கற்க வருபவர்களுக்கு இணையத்தில் காணொளிகள், கையேடுகள், பயிற்சிகள் எல்லாம் குவிந்து கிடக்கின்றன. எதை முதலில் படிப்பது, எதை விடுவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. ஓய்வு பெற்ற கையோடு அந்தக் குவியலைத் தமிழில் ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். இரண்டு ஆண்டு உழைப்பில் ஏழு படிகள், ஒவ்வொரு படிக்கும் முன்தேவைகள், கலைச்சொல் பட்டியல், பொருளகராதி எல்லாம் கொண்ட ஒரு பக்கம் உருவானது. முதல் படி கலப்பெண்கள். இரண்டாம் படி அணிகள். மொழி ஐந்தாம் படியில் வரும். முறை என்றால் அப்படித்தான்.

பக்கத்தைப் பாராட்டி மூன்று கடிதங்கள் வந்தன. ஒன்று என் மைத்துனர் எழுதியது.

அந்தச் சமயத்தில்தான் தர்மபுரி மாவட்டத்தில் ஒரு பேருந்து நடத்துநர் இதே காரியத்துக்கு ஒரு பக்கம் வைத்திருப்பது தெரியவந்தது. அதன் பெயர் ‘எறங்குன எடம்’. தலைப்பிலேயே இரண்டு பிழை. அகராதி இல்லை, படிகள் இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் அதன் அடியில் புதிதாக யாராவது எதையாவது எழுதிக்கொண்டிருந்தார்கள். நன்றி சொன்னார்கள், சண்டை போட்டார்கள், தங்கள் நிரல் ஓடிவிட்டதென்று கூவினார்கள். காலையில் எழுந்ததும் என் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

அந்த மொழியைப் பராமரிக்கும் தன்னார்வலர்கள் எங்கள் இருவருக்கும் ஒரே கடிதம் அனுப்பினார்கள். மக்கள் பேசும் ஒவ்வொரு மொழிக்கும், புதியவர்கள் முதலில் நுழைவதற்கு ஒரு வாசல் பக்கம்தான் வைக்க முடியும். தமிழுக்கு எது என்று நீங்களே பேசி முடிவு செய்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு பெயரைச் சொல்லுங்கள். முனிராஜ் எனக்கு எழுதிய பதில் ஒரே வரி: ‘நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்.’ சும்மா ஒரு மரியாதைக்கு எழுதியிருப்பார். நான் பயணச்சீட்டு எடுத்தேன். ஆய்வு என்றால் நேரில்தான் செய்ய வேண்டும்.

வியாழன் மதியம், டீக்கடைக்காரர் ஏற்றிவிட்ட பேருந்திலும் அதற்கடுத்த பேருந்திலும் நின்றுகொண்டே வந்து, சரியான ஊரைச் சேர்ந்தேன். முனிராஜ் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி மாதம்மாள், வீட்டின் முன்பகுதியில் தையல் கடை வைத்திருப்பவர், இயந்திரத்திலிருந்து எழாமலே வரவேற்றார்.

“வாங்க சார். வூட்டுக்காரர் சாயங்காலந்தான் வருவாரு. கையக் கழுவுங்க.”

“நான் பசியாறிவிட்டேன்” என்றேன். எங்கள் ஊரில் சாப்பிட்டாகிவிட்டது என்று பொருள்.

“பசி ஆறிப்போச்சுங்களா? அப்ப சூடா சாப்புட்டாத்தான் திரும்ப வரும்” என்று ராகிக் களியும் கீரைக் கடைசலும் வைத்தார். நான் களியை மென்றேன். அவர் பதறிவிட்டார். “மெல்லாதீங்க சார், பல்லுல ஒட்டிக்கும். கீரையில தோச்சி முழுங்குங்க.” எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கை எப்படி வேண்டுமானாலும் தின்னலாம். இங்கே சாப்பாட்டுக்கும் ஒரு செயல்முறை இருக்கிறது. அதை நான் மதித்தேன். மூன்றாவது வாய்க்குள் பிடிபட்டுவிட்டது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு போசியைத் திருப்பித் தர வந்தார். இந்தப் பக்கத்தில் பாத்திரத்தைப் போசி என்கிறார்கள். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கை நிலக்கடலை.

“இது எதற்கு?” என்றேன்.

“ஒண்ணுமில்லீங்க. வாங்குன போசிய வெறுசா எப்டிக் குடுக்கறது?” என்றார் மாதம்மாள், கேட்கத் தகாததைக் கேட்டுவிட்டவனைப் பார்ப்பதுபோல. எங்கள் குடியிருப்பில் இரவல் வாங்கிய டப்பா திரும்பி வந்தாலே அதிசயம்.

மாலையில் முனிராஜ் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோள்பை அழுத்தி ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்த நடை. இயற்பியலில் முதுகலை படித்தவர். கல்லூரி வேலைக்குக் காத்திருந்த ஆண்டுகளில் தற்காலிகமாக ஏறிய பேருந்திலிருந்து இன்னும் இறங்கவில்லை. நான் பாப்பாரப்பட்டிக்குப் போய்வந்ததை மாதம்மாள் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மனிதர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு “நாளைக்கு நம்ம வண்டியிலயே வாங்க சார், எங்கியும் தப்பாது” என்றார்.

தங்கியது தர்மபுரியில் ஒரு விடுதியில். வெளிநாட்டவர் தங்கினால் விடுதி நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உண்டு. மேலாளருக்கு அது தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்து நிரப்ப வைத்தேன். இந்தப் பயணத்தில் நான் யாருக்காவது முழுமையாகப் பயன்பட்டது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை முனிராஜின் பேருந்தில் நாள் முழுக்கச் சுற்றினேன். தனியார் பேருந்து. பாட்டுச் சத்தத்தில் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் என்னைத் திரும்பிப் பார்த்துக் கன்னடத்தில் பேசிக்கொண்டார்கள். என்ன சொல்கிறார்கள் என்று முனிராஜிடம் கேட்டேன்.

“வெள்ளைச் சட்ட, கையில ஃபைலு. ரோட்டுக்கு நெலம் அளக்க வந்தவரா இருக்கும், எங்க ஊருல எறங்கிடப் போறாருன்னு பயப்படறாங்க சார்.”

ஈப்போ சந்தையில் என்னைப் பற்றி மலாயிலும் சீனத்திலும் பேசுவார்கள். அது எனக்குப் புரிந்துவிடும். புரியாதபோதுதான் சற்று நிம்மதி.

பொம்மிடியில் கலாவதி ஏறினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர், முப்பத்தைந்து வயது, முனிராஜின் பக்கத்தை வைத்து அந்த மொழியைக் கற்பவர். உட்காருவதற்கு முன்பே கைப்பேசியை நீட்டினார்.

“அண்ணா, தப்புன்னு வர்ற செவப்பு எழுத்து போயிடுச்சு. ஆனா ஓட்ற தடவயெல்லாம் வேற வேற விட வருது. ஒருக்கா சைபரு, ஒருக்கா ஒண்ணு.”

முனிராஜ் டிக்கெட் கிழித்துக்கொண்டே திரையைப் பார்த்தார். “நல்லாத்தான இருக்குது. அளந்து பாக்கற வரைக்கும் அது ரெண்டும் கலந்தது. அளந்தா ஏதோ ஒண்ணு. நூறு தடவ ஓட்டி, எது எத்தினின்னு எண்ணு. அதான் அடுத்த ஸ்டேஜு.”

“அப்ப நான் தப்பு பண்ணலியா?”

“இல்ல. எடத்த விடு, அம்மா உக்காரட்டும்.” பின்னாலிருந்த மூதாட்டிக்கு வழிவிட்டுவிட்டு, விசில் ஊதி முன்னால் போய்விட்டார்.

நான் இதே விஷயத்தை நான்காம் படியில், நிகழ்தகவு பற்றிய முன்தேவைகளுக்குப் பிறகு, பதினோரு இணைப்புகளுடன் வைத்திருக்கிறேன். இங்கே ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையில் அது முடிந்துவிட்டது. கலாவதியின் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் சன்னல் கண்ணாடியில் பார்த்தேன். என் பக்கத்தை வாசித்து யாருடைய முகமாவது அப்படி ஆகியிருக்குமா என்று யோசித்தேன். மைத்துனர் முகம் மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

கடைசி நிறுத்தத்தில் வண்டி நின்றபோது முனிராஜிடம் நேரடியாகக் கேட்டேன். “உங்கள் பக்கத்துக்கு என்ன வரிசை? எதன் அடிப்படையில் அடுக்கினீர்கள்?”

“நான் எங்க சார் அடுக்குனேன்? பஸ்ல ஏர்றவங்கள எங்க போவணும்னு கேப்போம். இதுல வர்றவங்களுக்கு எங்க போறோம்னே தெரியாது. அதனால எங்க எறங்குனீங்கன்னு கேக்கறேன்.”

“இறங்கியது என்றால்?”

“விட்டுட்டுப் போன எடம். எல்லாரும் எங்கியோ ஆரம்பிச்சி எங்கியோ விட்டவங்கதான. அந்த எடத்த அவங்க வார்த்தையிலயே எழுதச் சொல்வேன். அதுக்குக் கீழ ஒரே ஒரு லிங்க். அடுத்த ஸ்டேஜு வரைக்கும் போற லிங்க். ரெண்டு குடுத்தா ரெண்டையும் தொறந்து வெச்சிட்டு தூங்கிடுவாங்க.”

என் பக்கத்தில் ஒரு தலைப்புக்குச் சராசரியாக ஒன்பது இணைப்புகள். குறிப்பேட்டில் ‘போதாமை: மாற்று வளங்கள் தரப்படவில்லை’ என்று எழுதிக்கொண்டேன்.

அன்றைக்கு மட்டும் யாரோ அவருக்கு மாம்பழம் கொடுத்தார்கள், யாரோ மகளின் கல்லூரி விண்ணப்பத்தைக் காட்டினார்கள், ஓட்டுநர் தன் காப்பியில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். முப்பத்தொரு ஆண்டில் என் மேசைக்கு வந்தவர்கள் ஒருவரும் ஒரு வாழைப்பழம் கொண்டுவந்ததில்லை. கொண்டுவந்திருந்தால் விதிப்படி திருப்பியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

சனிக்கிழமை அறையை விட்டு வெளியே வரவில்லை. முனிராஜின் பக்கத்தை வரி வரியாகப் படித்து அறிக்கை எழுதினேன். இருபத்தாறு குறைகள். எழுத்துப்பிழை தனி இணைப்பு. நடுவில் இரண்டு முறை மின்சாரம் போனது. இரண்டு முறையும் கைப்பேசி வெளிச்சத்தில் தொடர்ந்தேன். வேலையில் எனக்கு இவ்வளவு உற்சாகம் இருந்து வெகுகாலமாயிற்று. ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘போசி’ என்று ஒரு தலைப்பு அதில் இருந்தது. வட்டார வழக்கு, பொருள் விளங்கவில்லை என்று குறித்துவிட்டு உள்ளே போகாமல் தாண்டிவிட்டேன். பொருள் எனக்கு வியாழக்கிழமையே தெரியும்.

ஞாயிறு காலை, கடைக்கு விடுமுறை. மாதம்மாளின் துணி வெட்டும் மேசையைச் சுற்றி ஒன்பது பேர். மேசைமேல் மடிக்கணினிகள், ஊசிப்பெட்டி, ஒரு தட்டில் ஒப்புட்டு, அதாவது போளி. வாரா வாரம் இங்கே கூடுகிறார்கள். மாதம்மாள் மட்டும் ஓர் அவசரப் பாவாடைக்குக் கரை அடித்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து நின்று அறிக்கையை வாசித்தேன். அளவுகோல் ஒன்று, இரண்டு, மூன்று. யாரும் குறுக்கிடவில்லை. முனிராஜ் ஒவ்வொரு குறைக்கும் தலையாட்டினார். நான்காவது அளவுகோல், உவமைகளின் தெளிவு. எடுத்துக்காட்டாக, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான குபிட் பற்றி என் பக்கத்திலிருந்தே ஒரு பத்தியை, கொஞ்சம் குரலை உயர்த்தி, வாசித்தேன்.

“குபிட் என்பது அண்டை வீட்டில் இரவல் வாங்கிய பாத்திரம். வேலை முடிந்ததும் அதை முறைப்படி திருப்பிக் கொடுக்க வேண்டும்.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். கலாவதி வாயைப் பொத்திக்கொண்டார்.

“சார், அந்தப் போசிய எழுதுனது நீங்கதானா?”

“ஆம்” என்றேன், பெருமையாக.

“அட, இவருதாம்பா அது!”

அறை முழுக்கச் சிரிப்பு. முனிராஜ் மட்டும் சிரிக்கவில்லை. “கலா, விடு” என்றார்.

“என்னண்ணா விடறது? ரெண்டு வாரம் தூக்கமில்லாம கெடந்தேன்” என்று கலாவதி என் பக்கம் திரும்பினார். “மொறைப்படி குடுன்னு போட்டிருந்தீங்க. வாங்குன போசிய வெறுசாக் குடுக்கறதா சார் மொறை? அதான் உள்ள ஒண்ணு போட்டுக் குடுத்தேன்.”

“ஒன்று என்றால் எதை?”

“ஒண்ணுதாங்க சார். சைபர எடுத்துட்டு ஒண்ணு. குடுத்த ஒடனே செவப்பு. மறுபடி போட்டா மறுபடி செவப்பு. நான் மட்டுமில்ல, இங்க அஞ்சு பேரு உங்க போசியிலதான் எறங்குனோம்.”

இந்த மொழியில் குபிட்டை வாங்கலாம், பயன்படுத்தலாம். ஆனால் திருப்பிக் கொடுக்கும்போது அது பூஜ்ய நிலைக்கு வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நிரல் நின்றுவிடும், திரையில் சிவப்பில் பிழைச் செய்தி வரும். ‘முறைப்படி’ என்ற ஒரு சொல்லில் அதையெல்லாம் அடக்கிவிட்டதாக நான் நினைத்திருந்தேன். என் முறை வேறு, இவர்கள் முறை வேறு. என் சொல்லை நம்பி, மரியாதை குறையக் கூடாது என்று, ஒவ்வொருவராகப் பாத்திரத்துக்குள் ஒன்றைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

முனிராஜ் தயக்கத்தோடு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். நான் தாண்டிவந்த தலைப்பு திறந்திருந்தது. எறங்குன எடம்: போசி. ‘இந்தப் போசிய மட்டும் கழுவி வெறுசாத்தான் குடுக்கணும். ட்ரிப்பு முடிஞ்சா வண்டி காலியாத்தான ஷெட்டுக்குப் போவும், அது மாதிரி.’ கீழே ஒரே ஒரு இணைப்பு. அதற்கும் கீழே, தாண்டிப் போய்விட்டதாகச் சொல்லும் வரிகள், நீளமாக.

“பேரு போட வேணாம்னுதான் சார் போடல” என்றார். அந்தப் பண்புதான் என்னை மிகவும் சுட்டது.

அதோடு விட்டிருக்கலாம். மனிதர் மேலும் சொன்னார். “உங்களுதே வாசல்ல இருக்கட்டும் சார். இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, அகராதியெல்லாம் இருக்குது. எங்களுது இப்டியே ஒரு ஓரமா ஓடட்டும்.”

இரண்டு ஆண்டாக நான் விரும்பியது மேசைக்கு மறுபக்கத்திலிருந்து ஒப்புட்டுத் தட்டைப்போல நீட்டப்பட்டது. எடுத்துக்கொண்டிருப்பேன்.

“நீங்க குடுத்துருவீங்கண்ணா. உங்களுக்கு என்னா?” கலாவதியின் குரலில் இப்போது சிரிப்பில்லை. “புதுசா வர்றவங்க மொதல்ல அங்கதான போவாங்க? கலப்பெண்ணு, அணின்னு பாத்துட்டு, இது நமக்கில்லன்னு போயிடுவாங்க. நானு ஒருக்கா அப்டிப் போனவ. ஓரமா ஓடற வண்டி யாரு கண்ணுக்குத் தெரியும்?” பிறகு, சண்டைக்கு இல்லாமல், உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புபவராகக் கேட்டார். “சார், நீங்க எங்க எறங்குனீங்க?”

‘எறங்குன எடம்’ பக்கத்தில் எதையாவது சேர்க்க விரும்புபவர் முதலில் இதற்குப் பதில் எழுத வேண்டும். முனிராஜே எழுதியிருக்கிறார். ஒன்பது பேரும் என்னைப் பார்த்தார்கள்.

“நான் எங்கும் இறங்கவில்லை” என்றேன்.

“அப்ப கடைசி வரைக்கும் போயிட்டீங்களா?”

“இல்லை.”

தையல் இயந்திரம் நின்றது. மாதம்மாள் துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “ஏறவே இல்லீங்களா?”

முப்பத்தொரு ஆண்டில் என் கோப்பு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. சிவப்பு மை என் கையில் இருந்தது, என்மேல் பட்டதில்லை. அந்த மொழியின் எல்லாக் கையேடுகளையும் படித்தேன், பிரித்தேன், எண்ணிட்டேன். ஓட்டு என்ற பொத்தானை மட்டும் ஒரு நாளும் அழுத்தவில்லை. அழுத்தினால் தவறு என்று வந்துவிடும். அப்படி வராதவரை நான் தவறு செய்யாதவன்.

“இல்லை” என்றேன். “ஏறவே இல்லை.”

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினார். அங்கேயே உட்கார்ந்து தன்னார்வலர்களுக்குக் கடிதம் எழுதினேன். தமிழுக்கான வாசல் ‘எறங்குன எடம்’. பரிந்துரைக்கு ஒரு வரி போதும். நான் மூன்று பத்தி எழுதினேன். இருபத்தாறு குறைகளையும் இணைத்தேன். முனிராஜ் வேண்டாம் என்றார். அனுப்பிவிட்டேன். உண்மையைச் சொன்னதால் பொறாமை போய்விடும் என்று நினைப்பவர்கள் பொறாமைப்பட்டதில்லை.

முனிராஜ் தன் பக்கத்தைத் திறந்து, எல்லாத் தலைப்புகளுக்கும் மேலே இடம் உண்டாக்கினார். “இப்டி ஒரு எடம் இருக்குதுன்னு எனக்குத் தோணவே இல்ல சார். வர்றவங்கள்ல பாதிப் பேரு இங்கதான் நிப்பாங்க. உங்க பேரு போடட்டுங்களா?”

“போடுங்கள்” என்றேன். “எழுத்துப்பிழை இல்லாமல்.”

திங்கட்கிழமை பெங்களூர் விமான நிலையத்தில் உட்கார நாற்காலியும், வீட்டுச் சட்னியை நினைத்து ஏங்கச் செய்யும் அளவுக்கு மோசமான ஓர் இட்லியும் கிடைத்தன. கைப்பேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். உச்சியில் ‘ஏறவே இல்ல’ என்ற தலைப்பு. கீழே என் பெயரும் ஊரும், பிழையின்றி. அதற்கும் கீழே யாரோ ஒருவர், பெயர் இல்லை, நல்லம்பள்ளி என்று ஊர் மட்டும் போட்டு எழுதியிருந்தார்: ‘நானும் இந்த சார் மாதிரிதான். ரெண்டு வருசமா லிங்க் மட்டும் சேத்துட்டிருந்தேன். இன்னிக்குக் காலைல ஓட்டிட்டேன். வந்திருச்சு.’

பெயர் தெரியாத அந்த நல்லம்பள்ளிக்காரர்மேல் வந்த பொறாமையின் முன்னால் முனிராஜ்மேல் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. என் தலைப்பு, என் நிறுத்தம். என்னை அங்கேயே நிறுத்திவிட்டு இவர் போய்விட்டார்.

இட்லியைத் தள்ளிவைத்து மடிக்கணினியைத் திறந்தேன். ஒரு குபிட் வாங்கினேன். அளந்தேன். கழுவி, வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன். அக்கம்பக்கம் யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு பொத்தானை அழுத்தினேன்.

சிவப்பு.

மூன்றாவது வரியின் கடைசியில் ஓர் அரைப்புள்ளி வைக்க மறந்திருந்தேன். அரைப்புள்ளி! அதற்காக மட்டும் நான் திருப்பி அனுப்பிய வரைவுகளை அடுக்கினால் இந்த நாற்காலியின் உயரம் வரும். விமானத்துக்கு அழைத்தார்கள். நான் எழவில்லை. திரையைப் படமெடுத்து முனிராஜுக்கு அனுப்பினேன். ‘இறங்கிய இடம்: அரைப்புள்ளி’ என்று எழுதினேன்.

வண்டி ஏதோ நிறுத்தத்தில் நின்றிருக்க வேண்டும். உடனே பதில் வந்தது.

‘அப்ப ஏறிட்டீங்க சார்.’